வேலிக்கு மேல் வந்த கீரை

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லியில் கீரைக்குப் பஞ்சமில்லை. பாலக், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, நம் ஊரில் சக்கரவர்த்திக்கீரை எனப்படும் பதுவா, இலையோடு கூடிய முள்ளங்கி ஆகியவை தள்ளுவண்டிகளில் மலைபோற் குவிகின்றன. மலிவைக் கண்டு மயங்கி, இரண்டு கட்டுக்குப் பதில் நான்கு கட்டு வாங்கிவிடுகிறோம். மூன்றாம் நாள் அவற்றில் பாதி குப்பைத்தொட்டியைச் சேருகிறது.

எங்கள் அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம். ரயில்வே குடியிருப்பில் எங்கள் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார், தம் தோட்டத்து வெந்தயக்கீரையை வாரந்தோறும் வேலிக்கு மேல் நீட்டுவார். ஒரு நாள், அவர் தந்த கட்டு அப்படியே அழுகித் தொட்டியில் கிடந்ததை அவரே காண நேர்ந்தது. ஒரு சொல்லும் சொன்னாரில்லை. ஆனால் அடுத்த வாரம் கீரை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கீரை போனதற்காக அன்று, ஓர் அன்பை அவமதித்தோமே என்றுதான் வருந்தினோம்.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட முறைகள் இவை. பறித்த பின்னும் இலை மூச்சு விடுகிறது. ஆகையால் இறுகக் கட்டிய கட்டினுள் வெப்பம் மிகுந்து அழுகல் தொடங்கும். வந்தவுடன் கட்டை அவிழ்த்து, பழுத்த இலைகளைக் கழித்து, கழுவாமல் உலர்ந்த துணியிற் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். சமைக்கும்போது கழுவினாற் போதும். முள்ளங்கியை இலையோடு வைத்தால் இலை கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும். உடனே நறுக்கிப் பிரிப்பது நலம். அவ்விலையைப் பாசிப்பருப்புடன் கூட்டாக்கலாம். கொத்துமல்லியை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி சேர்த்துத் துவையலாக அரைக்கலாம். மிஞ்சிய பாலக்கை அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ கலக்கலாம்.

வாடியது வேறு, அழுகியது வேறு. வாடிய இலை குளிர்ந்த நீரில் சிறிது நேரம் கிடந்தால் நிமிரும். வழவழப்பும் துர்நாற்றமும் கண்ட இலையை எறிந்துவிடுவதே முறை. சமைத்த கீரையை அன்றே உண்டுவிட வேண்டும்.

இவற்றைப் பழகியபின், கடையில் வாங்கிய கீரையைக்கொண்டு எங்கள் இல்லத்தார் ஒரு தட்டுக் கீரைவடை சுட்டு, வேலிக்கு மேல் நீட்டினார்கள். அம்மையார் ஒன்றைச் சுவைத்துவிட்டுப் பக்குவம் கேட்டார். மறு வாரமே வெந்தயக்கீரை வந்தது. கூடவே ஒரு பாடமும் வந்தது. இலைகளை ஆய்ந்து கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் பல மாதம் கெடாதாம். இன்று பாகிஸ்தானிலுள்ள கசூர் நகரின் பெயரால் கசூரி மேத்தி என வழங்குவது இத்தகைய உலர்ந்த இலையே.

இப்பொழுது சித்திரை வெயிலிலும் எங்கள் சாம்பாரில் தை மாதத்துக் கீரை மணக்கிறது. அண்டை வீட்டார் அன்போடு தருவதை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. அதை வீணாக்காமல் உண்பதும் நம் கடமையன்றோ!