கொத்தவரைப் பிசின்
விதை, பருப்பு, பொடி. ராஜஸ்தான், 20ஆம் நூற்றாண்டு முதல்

நாம் பொரியலுக்கு நறுக்கும் கொத்தவரையே தார்ப் பாலைவனத்தின் பணப்பயிர். அங்கே அதைக் காய்க்காகவன்றி, முற்றிய விதைக்காக வளர்க்கிறார்கள். உலக விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவினுடையது.

விதையை வறுத்து உடைத்து, தோலையும் முளையையும் நீக்கினால் இந்த வெளிர்நிறப் பருப்பு கிடைக்கும். நீக்கியவை மாட்டுத் தீவனமாகின்றன. பருப்பை ஊறவைத்து அரைத்து உலர்த்தியதே பொடி. மரப்பிசின் போல இது பட்டையில் வடிவதில்லை. மேனோஸ், கேலக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த இயற்கைப் பாலிமர் இது. நூறு பங்கு குளிர்ந்த நீரைக் கெட்டிக் குழம்பாக்க ஒரு பங்கு பொடி போதும், காய்ச்ச வேண்டியதில்லை.

பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஊர்களில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது தெரிந்த வேலை. துணி ஆலைகள் அதற்கும், அச்சுச் சாயம் பரவாமல் நிற்பதற்கும் இப்பொடியைச் சேர்க்கின்றன. காகிதம், ஐஸ்கிரீம் ஆகியவற்றிலும் இது உண்டு.

இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக்கடல் நாடுகளின் கரோப் விதைப் பிசின் வரத்துக் குறைந்தபோது, அமெரிக்கக் காகித ஆலைகள் கொத்தவரைக்குத் திரும்பின. பின்னர் எண்ணெய்க் கிணறுகளும் இதைக் கேட்டன. போரேட் உப்புக் கலந்தால் குழம்பு கூழாக இறுகும். பாறையைப் பிளக்கச் செலுத்தும் நீரில் மணலைத் தாங்கிச் செல்வது அக்கூழே. 2012இல் அமெரிக்காவின் ஷேல் எரிவாயு வேட்டையால் விதை விலை பல மடங்கு ஏறியது. அவ்வாண்டு மார்ச்சில் இந்தியாவில் அதன் முன்பேர வணிகம் நிறுத்தப்பட்டு, 2013இல் மீண்டும் தொடங்கியது.