பரணில் கிடக்கும் கேப் டப்பா: தொடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள்!

பழைய விவசாய வீடுகளின் பரணைச் சுத்தம் செய்யும்போது என்னென்னவோ கிடைக்கும். உடைந்த மரக்கால், துருப்பிடித்த ஏர்க்கொழு, படிக்கற்கள், தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி. சில வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கியின் லைசென்ஸ் புத்தகம் இருக்கும். கூடவே பவுடர் டப்பாவிலோ மாத்திரை பாட்டிலிலோ போட்டு வைத்த செம்பு நிறக் 'கேப்'புகளும், பச்சை பூத்த நாலைந்து தோட்டாக்களும் இருக்கலாம். துப்பாக்கி எப்போதோ வீட்டை விட்டுப் போயிருக்கும். கேப் மட்டும் தங்கியிருக்கும்.

"எத்தனை வருசத்துக்கு முந்தியது, இதில் இனி என்ன இருக்கப்போகிறது?" என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆபத்து தொடங்குவதும் இங்கேதான்.

பயிர்க்காவலுக்கு வந்த துப்பாக்கி

திருவள்ளூர் மாவட்டத்தில் நெல், நிலக்கடலை, கரும்பு எது போட்டாலும், காடும் ஓடையும் பக்கத்தில் இருந்தால் பன்றிக்குப் பயப்பட வேண்டும். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி, கும்மிடிப்பூண்டி பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இரவுக் காவலுக்குப் பரண், தீப்பந்தம், தகரத் தட்டு இவற்றோடு, வசதியிருந்த வீட்டில் ஒரு குழல் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தது.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற முறை 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தோடு இறுகியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு, வாய்வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்க்காவலுக்காகக் கேட்பவருக்கு லைசென்ஸ் தருவது பற்றித் தனியாகவே பேசுகிறது. அதாவது, விவசாயியை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி அது. பழைய வீடுகளில் கேப்பும் கரிமருந்தும் வந்த கதை இதுதான்.

கேப் எப்படி வேலை செய்கிறது?

சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான ஒரு செம்புக் கிண்ணம். அதன் அடியில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான வெடிமருந்து. அவ்வளவுதான் கேப். நாட்டுத் துப்பாக்கியில் குழலின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு முளையில் இதை மாட்டுவார்கள். விசையை இழுத்தால் சுத்தி அதன்மேல் அடிக்கும். கேப் வெடித்துத் தீப்பொறி உள்ளே பாயும். உள்ளே இடித்து வைத்த கரிமருந்து பற்றிக்கொள்ளும். இன்றைய தோட்டாவின் பின்புறத்தில் நடுவில் வட்டமாகத் தெரிவதும் இதே வேலையைச் செய்யும் பிரைமர்தான்.

அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807-ல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவர் பறவை வேட்டைப் பிரியர். அதற்கு முந்தைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளிச்சம் பளிச்சிட்டு, பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் பறவை பறந்துவிடும். அதைத் தவிர்க்க வந்த வழி இது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கரிமருந்துக்கு நெருப்பு வேண்டும். கேப்புக்கு நெருப்பே வேண்டாம். அடி, அழுத்தம், உரசல், சூடு, மின்பொறி என்று எதனாலும் வெடிக்கும். அதன் வேலையே அதுதான்.

பெட்டி ஏன் அத்தனை பெரிதாக இருக்கிறது?

தொழிற்சாலையில் செய்த பிரைமர் வரும் பெட்டியைப் பார்த்தால் இடத்தை வீணடிப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு பிரைமருக்கும் தட்டில் தனித்தனிக் குழி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி. நூறு பிரைமர் கையளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். பிரித்து எடுப்பதும் எளிதல்ல. கொஞ்சம் சாய்த்தால் கொட்டிவிடும்.

அந்த இடைவெளி வீணல்ல, அதுதான் காப்பு. ஒரு பிரைமர் தனியாக வெடித்தால் விரலில் காயத்தோடு போகலாம், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் நூறு பிரைமரில் ஒன்று வெடித்தால், மற்றவையும் அந்த நொடியே சேர்ந்து வெடிக்கும். அது பொட்டுவெடி அல்ல, குண்டு.

பெட்டி அடைசலாக இருக்கிறது என்று மாத்திரை பாட்டிலிலோ பவுடர் டப்பாவிலோ கொட்டி வைப்பதில் மூன்று தவறுகள் சேர்கின்றன. முதலாவது, எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. இரண்டாவது, டப்பா ஆடும்போது கேப்புகள் உரசி மருந்துத் தூள் உதிர்கிறது. அந்தத் தூள் மூடியின் மரையில் ஏறி உட்கார்ந்தால், மூடியைத் திருகுவதே போதும். மூன்றாவது, வெடித்தால் தகரமும் கண்ணாடியும் சில்லாகி நாலாபக்கமும் பாயும். துருப்பிடித்து இறுகிய டப்பாவை ஸ்குரூ டிரைவரால் நெம்புவதும், தரையில் தட்டித் திறப்பதும் கையால் சாவைத் தட்டி அழைப்பது போல.

வயதானால் சக்தி போய்விடுமா?

போகாது என்றே நினைத்து நடக்க வேண்டும். காய்ந்த இடத்தில் இருந்த கேப் பல ஆண்டுகள் கழித்தும் வெடிக்கும். எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும், தண்ணீரில் போட்டால் செத்துவிடும் என்ற நம்பிக்கை ஊர்ப்பக்கம் உண்டு. எண்ணெயும் தண்ணீரும் கேப்பை நிச்சயமாகச் செயலிழக்கச் செய்வதில்லை. காய்ந்ததும் உயிர் திரும்பலாம்.

கரிமருந்தும் அப்படியே. ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டியும் பற்றும். சுவரில் மாட்டிய நாட்டுத் துப்பாக்கிக்குள், யாரோ எப்போதோ இடித்து வைத்த மருந்தும் ரவையும் அப்படியே இருக்கக்கூடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பழைய துப்பாக்கி கிடைத்தால் மருந்து நிரப்பியிருப்பதாகவே எண்ண வேண்டும். குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, குச்சி விட்டுக் குத்துவது, விசையை இழுத்துப் பார்ப்பது கூடாது. பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

பழைய இரும்புக் கடைக்கா போடுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகள் பல உண்டு. அவற்றுக்குத் தீனி பழைய இரும்பு. ஊரில் காயலான் கடையில் எடைக்குப் போடும் சாமான் தரம் பிரிக்கப்பட்டு, கடைசியில் ஏதோ ஓர் உலைக்குப் போய்ச் சேருகிறது. "பித்தளைக்கு நல்ல விலை" என்று தோட்டாவையும் அதில் சேர்த்துவிட்டால், அது வெடிக்கப்போவது நம் வீட்டில் அல்ல. சுத்தியலால் தட்டித் தரம் பிரிக்கும் தொழிலாளியின் மடியிலோ, உலை வாயிலோ வெடிக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளே அங்கு வேலைக்குப் போகிறார்கள்.

2004 செப்டம்பர் 30 அன்று உத்தரப்பிரதேசத்தின் சாகிபாபாத்தில் ஓர் இரும்பு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்புக்குள் கலந்திருந்த போர்க்கால வெடிகுண்டு வெடித்துத் தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகுதான் இறக்குமதியாகும் பழைய இரும்பில் வெடிபொருள் இருக்கிறதா என்று பார்க்கும் கெடுபிடி கூடியது. அந்தச் சோதனை கப்பலில் வரும் சரக்குக்கு. ஊர்க் காயலான் கடையில் விழும் சாக்குப் பைக்கு நாம்தான் சோதனை.

கிணற்றில் போடுவது, குப்பையோடு கொளுத்துவது, வயலில் புதைப்பது எதுவும் தீர்வல்ல. அடுத்து அந்த இடத்தில் மண்வெட்டி போடுபவருக்கு எமனை வைத்துவிட்டுப் போகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்பது முழுத் தோட்டா மட்டுமல்ல, தோட்டாவின் பாகங்களும்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வீட்டில் தோட்டா தயாரிப்பதும், சுட்ட தோட்டாவில் மறுபடி மருந்து நிரப்புவதும் இன்னும் பெரிய குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாத தயாரிப்புக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் என்ன செய்வது? சட்டத்தின் 21-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் இடம் உண்டு.

திருவள்ளூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த மாவட்டம் 1997-ல்தான் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதனால் தாத்தாவின் புத்தகத்தில் செங்கற்பட்டு முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம். இப்போது மனு கொடுக்க வேண்டியது திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். ஆவடி காவல் ஆணையரக எல்லைக்குள் வரும் ஊர்க்காரர்கள் ஆணையர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

கண்ணில் பட்டால் செய்ய வேண்டியவை

1. இருக்கும் இடத்திலேயே விடுங்கள். திறக்காதீர்கள், குலுக்காதீர்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள்.

2. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்குங்கள். அந்த அறையில் அடுப்பு, பீடி, விளக்கு வேண்டாம். வெயில் படும்படி எடுத்து வைக்கவும் வேண்டாம்.

3. காவல் நிலையத்துக்கு அல்லது 112-க்குச் சொல்லுங்கள். "பழைய கேப், தோட்டா கிடைத்திருக்கிறது, எடுத்து வரலாமா, நீங்கள் வருகிறீர்களா?" என்று கேளுங்கள். தேவைப்பட்டால் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அவர்களே அழைப்பார்கள். நீங்களாகப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ டூவீலரிலோ கிளம்பாதீர்கள்.

4. லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வையுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்து மூலமான ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

5. காகிதம் எதுவும் இல்லை, போலீஸ் என்றால் பயம் என்றால், ஒரு வக்கீலைக் கூட அழைத்துக்கொண்டு போகலாம். நாமே சொல்லி ஒப்படைப்பதும், பிறகு சோதனையில் சிக்குவதும் ஒன்றல்ல.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பன்றித் தொல்லை தாங்கவில்லை. பயிர்க்காவல் லைசென்ஸ் இருந்தால் சுடலாமா?

பதில்: கூடாது. துப்பாக்கி வைத்திருக்க அனுமதி வேறு, காட்டுப்பன்றியைச் சுட அனுமதி வேறு. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை. சேதத்தைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ., வனச்சரக அலுவலகம் இரண்டிலும் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: கேப் மருந்தைச் சேர்த்து 'அவுட்டுக்காய்' செய்து வைக்கிறார்கள். பன்றி மட்டும்தானே சாகும்?

பதில்: கடிக்கிற வாய் எது என்று வெடிக்குத் தெரியாது. மேயப் போன கறவை மாடு கடித்தால் தாடை சிதறிவிடும். செய்யும்போதே கை போனவர்களும் உண்டு. 2020 மே மாதம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த தீனியைக் கடித்த கருவுற்ற யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. இதற்கு வன உயிரினச் சட்டத்தோடு 1908-ம் ஆண்டு வெடிபொருள்கள் சட்டமும் சேர்ந்து பாயும்.

கேள்வி: அப்படியானால் வேறு என்ன வழி?

பதில்: ஒரே மருந்து என்று எதுவும் இல்லை. பன்றி பழகிவிடும், வழியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிலக்கடலையைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு வரிசை, முள்வேலி, இரவில் விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம், பக்கத்து நிலத்துக்காரர்களோடு முறை வைத்துக் காவல் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்யலாம். சூரிய மின்வேலி போடுவதானால் 2023-ம் ஆண்டு மின்வேலி விதிகளின்படிப் பதிவு உண்டு. வேளாண் பொறியியல் துறையில் மானியமும் விசாரியுங்கள். கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பது பன்றியை அல்ல, விடியலில் மடை திறக்கப் போகும் நம் வீட்டு ஆளைத்தான் பலி வாங்கும். உங்கள் பயிருக்கு ஏற்ற வழியைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

இந்த மாதமே ஒரு நாள் பரணில் ஏறிப் பாருங்கள். பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.