ஊர் ஏக்கத்துக்கு ஒரு ஸ்பானிஷ் பாட்டு

ஒருத்தர் தன் ஊரை நினைச்சு உருகின பாட்டு, ஊர் விட்டுப் போன எல்லாருக்கும் சொந்தமாகுமா? மெக்சிகோவில் அப்படி ஒண்ணு இருக்கு நேயர்களே! 'கன்சியோன் மிஸ்டேக்கா' என்கிற ஸ்பானிஷ் பாட்டு.

இந்தப் பாட்டை உருவாக்கின ஹோசே லோப்பஸ் அலாவெஸ், வாஹாக்கா மாநிலத்து மலைப்பகுதியில் பிறந்தவர். மெக்சிகோ சிட்டிக்கு வந்ததும் ஊர் ஏக்கம் அவரைப் பிடிச்சுக்கிச்சு. பிறந்த மண் எங்கேயோ இருக்க, தான் மட்டும் திக்குத் தெரியாம இங்கே நிக்கிற தவிப்புதான் பாட்டு முழுக்க. பிறகு, பிழைப்பு தேடி அமெரிக்கா போன மெக்சிகோ மக்கள் இதைத் தங்கள் பாட்டாவே ஆக்கிக்கிட்டாங்க. பாலைவனத்தில் வழி தொலைஞ்சு அலையுற ஒருத்தரோட கதையான 'பாரிஸ், டெக்சாஸ்' படத்திலும் இது ஒலிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை, இவ்வளவு சோகத்துக்கும் அவர் பிடிச்ச தாளம், ஜோடியா ஆடுற வால்ட்ஸ் நடனத் தாளம்!