தூக்கத்திலும் விழித்திருக்கும் காது

"பிள்ளை தூங்குது, அதுக்கு என்ன தெரியப் போகுது?" கணவன் மனைவி சண்டை கைகலப்பாக முற்றும் வீடுகளில் பலரும் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. பிள்ளைக்குத் தெரிகிறது. தூங்கும்போதே தெரிகிறது.

அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் கிரஹாம் குழுவினர், 6 முதல் 12 மாதம் வரையுள்ள 20 குழந்தைகளை இயல்பாகத் தூங்கவிட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். காதில் ஓர் ஆணின் குரலை ஒலிக்கவிட்டார்கள். அவர் பேசிய வாக்கியங்களுக்குப் பொருளே கிடையாது; தொனி மட்டும் மாறியது. கடுங்கோபம், லேசான கோபம், மகிழ்ச்சி, சாதாரணப் பேச்சு. சண்டை அதிகம் என்று தாய்மார் சொன்ன வீட்டுக் குழந்தைகளிடம், கடுங்கோபக் குரலுக்கு மூளையின் சில பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன. அவற்றில் ஒன்று ஹைப்போதலாமஸ். கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் சுரப்பதற்கான ஆணை புறப்படும் இடம் அது. 20 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் 2013-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபின் தூங்கும் குழந்தையை முன்போல் பார்க்க முடியவில்லை. ஒரு சொல்லும் புரியாத வயதில், சொல்லுக்கு அடியில் இருக்கும் சினத்தை அது கற்றுக்கொண்டிருக்கிறது!

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை லண்டனில் ஈமன் மெக்ரோரி ஆராய்ந்தார். வீட்டு வன்முறைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் கோப முகங்களைக் காட்டியபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா பகுதி மிகையாக வேலை செய்தது. போர்முனை கண்ட வீரர்களிடம் தெரியும் மாற்றமும் இதே வகைதான். அந்தப் பிள்ளைகளில் எவருக்கும் அப்போது மனநோய் இல்லை. அப்பா கதவைத் திறக்கும் சத்தத்திலேயே அன்றைய இரவைக் கணிக்க வேண்டிய பிள்ளைக்கு இந்தக் கூர்மை தேவைப்படுகிறது. வகுப்பறையில் அதுவே எதிரி. ஆசிரியர் சற்றுக் குரலை உயர்த்தினால் உடல் விறைக்கும், பாடம் ஏறாது. பதற்றமும் மனச்சோர்வும் பின்னால் எளிதாகப் பற்றிக்கொள்ளும். "என் மார்க்கால்தான் அம்மாவுக்கு அடி விழுந்தது" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: உன் தப்பு எதுவும் இல்லை.

வாக்குவாதமே கூடாதா? மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். பெரியவர்கள் சண்டையைப் பேசித் தீர்த்துக்கொண்டது தெரிந்தால், பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகத் தணிகிறது. வன்முறைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அடித்த மறுநாள் வாங்கிவரும் மல்லிகைப்பூவும் அல்வாவும் தீர்வாகிவிடாது. அங்கே தாயின் பாதுகாப்புதான் பிள்ளைக்கு முதல் மருந்து. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என உதவி எண்கள் இருக்கின்றன. சுவருக்கு அப்பால் சத்தம் கேட்கிறவரும் அழைக்கலாம். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்பவர்மீது எந்த வழக்கும் வராது என்று 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உறுதி தருகிறது.