மொட்டை மாடியில் ஸ்டிராபெரி! புதுச்சேரி வெயிலில் காய்க்குமா?

சிவப்பு நிறம். இதயம் போன்ற வடிவம். மேலே எள்ளைத் தூவியது போல விதைகள். ஸ்டிராபெரியைப் பார்த்தால் குழந்தைகள் விடமாட்டார்கள். "நம் வீட்டுத் தொட்டியிலேயே வளர்த்தால் என்ன?" என்ற ஆசை பெரியவர்களுக்கும் வருகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பழத்தோடு ஒரு தூரத்து உறவு உண்டு. பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் "பிரேஸ்". இந்தப் பழத்தின் பாட்டியைத் தேடி ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தவரும் பிரெஞ்சுக்காரர்தான். அவர் பெயர் பிரேசியே! பழத்தின் பெயரும் ஆளின் பெயரும் எப்படிப் பொருந்தின, பாருங்கள்.

உளவாளியின் செடி

பிரேசியே ஒரு ராணுவ என்ஜினீயர். 1712-ம் ஆண்டு பிரான்சு அரசர் 14-ம் லூயி அவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார். சிலி, பெரு நாடுகளில் ஸ்பெயின்காரர்கள் கட்டியிருந்த கோட்டைகளை வேவு பார்க்க வேண்டும். அதுதான் வேலை.

போன இடத்தில் கோட்டைகளோடு பழத்தையும் பார்த்தார். ஐரோப்பாவின் காட்டு ஸ்டிராபெரி சுண்டுவிரல் நுனி அளவுதான். சிலியில் அது மிகப் பெரிதாக இருந்தது. 1714-ல் திரும்பும்போது சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாதக் கடல் பயணம். குடிநீர் அளந்து கொடுக்கும் கப்பலில் செடிக்கு யார் தண்ணீர் தருவார்? தண்ணீருக்குப் பொறுப்பான அதிகாரி மனம் இரங்கினார். கடைசியில் பிழைத்தவை 5 செடிகள். அவற்றில் இரண்டு அந்த அதிகாரிக்குப் போயின.

இவ்வளவு பாடுபட்டும் பழம் வரவில்லை! பெரிய பழம் இருந்த செடியாகப் பார்த்து எடுத்ததால், வந்தவை எல்லாம் பெண் செடிகள். பின்னர் வட அமெரிக்க இனம் ஒன்று பக்கத்தில் வளர்ந்தபோதுதான் அவை காய்த்தன. இரண்டும் கலந்து பிறந்ததே இன்று நாம் சாப்பிடும் பழம். இந்த உண்மையை 1766-ல் விளக்கியவர் துஷேன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

வெயிலும் உப்பும்

ஸ்டிராபெரிக்கு இதமான பகலும் குளிர்ந்த இரவும் வேண்டும். அதனால்தான் இந்தியாவில் பெரும்பகுதி, 4,000 அடிக்கு மேல் உயரமுள்ள மகாராஷ்டிரத்தின் மகாபலேசுவரம் பகுதியில் விளைகிறது. நம் பக்கத்தில் ஊட்டி, கொடைக்கானல்.

புதுச்சேரியிலோ கோடை வெயில் 100 டிகிரியைத் தாண்டும். அதையாவது நிழல் வைத்துச் சமாளிக்கலாம். உப்புத் தண்ணீரை என்ன செய்வது? ஸ்டிராபெரி உப்பைத் தாங்காது. கடலோரத் தெருக்களில் பல வீட்டுக் கிணறுகள் உவர்ப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகும். செடி செத்துவிடும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நல்லது.

ஏமாற வேண்டாம்

படத்தைக் காட்டி விதைப் பொட்டலம் விற்கிறார்கள். நீல நிற ஸ்டிராபெரி விதைகூட விற்கிறார்கள். உலகத்தில் நீல ஸ்டிராபெரியே கிடையாது! நல்ல விதையாக இருந்தாலும், தாய்ச் செடியின் பழம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. தாய்ச் செடி விடும் ஓடுகொடியில் வேர்விட்ட நாற்றையே வாங்க வேண்டும்.

நாற்றை ஐப்பசி, கார்த்திகையில் நடலாம். அது அடைமழைக் காலம். தொட்டியைத் தாழ்வாரத்தில் வையுங்கள். செம்மண், மணல், மட்கிய சாணம் மூன்றும் கலந்த மண் போதும். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். நடும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இலைகள் கிளம்பும் குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். வேர் வெளியே தெரிந்தால் காயும். குருத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும். மழை விட்டதும் காலை வெயிலுக்கு மாற்றி, பழம் மண்ணில் படாமல் இருக்க வைக்கோல் பரப்புங்கள்.

எல்லாம் கூடிவந்தால் தை, மாசியில் ஒரு கைப்பிடி பழம் பறிக்கலாம். கூடை கூடையாக எதிர்பார்த்துப் பணத்தைக் கொட்டக் கூடாது. பங்குனி வெயிலில் பெரும்பாலும் செடி வாடிவிடும்.

வருடா வருடம் பழம் வேண்டும் என்பவர்களுக்கு முசுக்கட்டை இருக்கிறது. ஒரு குச்சியை வெட்டி நட்டால் போதும். பெரிய தொட்டியிலேயே புதுச்சேரி வெயிலைத் தாங்கிக் காய்க்கும். பழுத்ததும் உடனே பறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அணிலும் மைனாவும் முந்திக்கொள்ளும்.