ஒலி ஓட்டும் துகள்கள்

1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் தோணியேறிய பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த ஓசையைக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்ததும் அது இன்னும் பெருத்தது. பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு கல்லடியில் இன்றும் தீரவில்லை. எனக்கென்னவோ அந்தப் பலகைதான் சுவாரசியம். நீரில் பிறந்த ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே மேற்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வரும். மிச்சம் தெறித்து நீருக்கே திரும்பிவிடும். மரத்தினூடாகவோ அது எளிதில் ஏறிவிடுகிறது.

மீனுக்கு வேறு சிக்கல். அதன் உடம்பும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. ஒலி வந்தால் இரண்டும் சேர்ந்தே ஆடும். கத்தாளையின் தலையைப் பிளந்தால் வெள்ளைக் கற்கள் கிடைக்குமே, அவைதான் கைகொடுக்கின்றன. பாரமான சுண்ணக் கல், உடம்போடு ஆடாமல் பின்தங்கும். அந்தப் பிந்தலை உட்காதின் நுண்மயிர்கள் உணர்ந்துகொள்ளும்.

நீரோடு ஒத்துப்போகாத பொருளிடம் ஒலி காட்டும் இந்த வேலையை வைத்தே ஆய்வுகூடத்தில் துகள்களை ஓட்டுகிறார்கள். சிலிக்கன் சில்லொன்றில் 375 மைக்ரோமீற்றர் அகலமான வாய்க்கால். அடியில் ஒட்டிய பீங்கான் வில்லை மின்சாரத்தால் செக்கனுக்கு 20 லட்சம் தடவை அதிரும். நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடுவதால் அலைநீளம் 750 மைக்ரோமீற்றர். ஆக, வாய்க்காலின் குறுக்கே சரியாக அரை அலை அடங்கும். சுவரில் தெறித்த அலையும் எதிரே வரும் அலையும் கலந்து நிலையான அலையாகின்றன: நடுவில் அழுத்தம் மாறாத கணு, சுவரோரங்களில் அழுத்தம் ஏறியிறங்கும் முரண்கணு.

இதற்குள் குருதியை விட்டால், பிளாஸ்மாவைவிடப் பாரமும் இறுக்கமும் கூடிய செங்குழியங்கள் நடுவே நூல் பிடித்தாற்போல் வரிசைகட்டும். கொழுப்புத் துளிகள் சுவருக்கு ஓடும். வாய்க்காலை நுனியில் மூன்றாகக் கிளைத்துவிட்டால் இரண்டும் தனித்தனியே வெளியேறும். சத்திரசிகிச்சையில் மீட்கும் குருதியிலிருந்து கொழுப்பை நீக்கும் நோக்கில், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் லோரெலின் குழு 2004இல் இதைச் செய்துகாட்டியது. குருதியிலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் சாதனத்தை சென்னை ஐஐடியின் கார்த்திக்கும் ஆஷிஸ் குமார் சென்னும் 2018இல் வெளியிட்டார்கள்.

பருமனும் கணக்கில் வரும். துகளின் விட்டம் பாதியானால் நகரும் வேகம் காற்பங்காகிவிடும். இதனால் குருதிச் சிறுதட்டுகள் செங்குழியங்களுக்குப் பின்தங்கும். அவற்றைப் பிரித்தெடுக்க அதுவே வசதி. ஆனால் சுமார் 2 மைக்ரோமீற்றருக்குக் கீழே கதை மாறுகிறது. அதே ஒலி திரவத்தில் எழுப்பும் மெல்லிய சுழலோட்டம் அங்கே வலுத்து, சிறு பக்டீரியாக்களைக் கணுவில் நிற்கவிடாமல் சுற்றிச் சுற்றி இழுத்துப்போகிறது.