படத்தை வெளியிடப் பணம் கேட்கும் இதழ்கள்: புகைப்படக் கலைஞர்கள் அறிய வேண்டியவை

புதுதில்லி: "உங்கள் படங்கள் எங்கள் அடுத்த இதழுக்குத் தேர்வாகியுள்ளன. வாழ்த்துகள்" என்று தொடங்குகிறது அந்த மின்னஞ்சல். அடுத்த பத்தியில் கட்டண விவரம் வருகிறது. உள்பக்கத்தில் இடம்பெற ஒரு தொகை. அட்டைப்படமாக வெளிவர அதைவிடப் பல மடங்கு. ஆடை அலங்காரம், திருமணம், உருவப்படம் ஆகிய துறைகளில் புதிதாகக் காலடி எடுத்து வைக்கும் புகைப்படக் கலைஞர்கள் பலருக்கு இத்தகைய கடிதங்கள் இன்று பழகிப்போனவை.

படத்துக்கு இதழ் பணம் கொடுப்பதுதான் நெடுநாளைய வழக்கம். இப்போது படம் எடுத்தவரே இதழுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது எப்படி நேர்ந்தது, சட்டம் என்ன சொல்கிறது, பணம் செலுத்துமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

பணத்தின் திசை மாறியது எப்படி?

வாசகர் தரும் விலையும் விளம்பரதாரர் தரும் தொகையுமே ஓர் அச்சிதழின் இயல்பான வருவாய். அந்த வருவாயிலிருந்து எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் புகைப்படக் கலைஞருக்கும் சன்மானம் வழங்கப்படுகிறது. விளம்பரங்கள் இணையத்துக்கு நகர்ந்தபோது, பல இதழ்களின் வருவாய் சுருங்கியது.

அதே காலத்தில் இதழ் தொடங்குவதற்கான செலவும் குறைந்தது. வாங்குபவர் கேட்கும்போது மட்டும் பிரதியை அச்சிட்டு அனுப்பும் முறை பரவியது. ஹெச்பி நிறுவனம் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய மேக்கிளவுட் சேவை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரக்கணக்கான பிரதிகளை முன்கூட்டியே அச்சிட வேண்டியதில்லை, கிடங்கு தேவையில்லை, கடைகளுக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை. சிறு குழுக்கள் தரமான இதழ்களை நடத்த இந்தத் தொழில்நுட்பம் உதவியது. வாசகர் இல்லாமலேயே ஓர் இதழ் வருவாய் ஈட்டலாம் என்ற நிலையையும் இதுவே உருவாக்கியது. அத்தகைய இதழுக்குப் படம் அனுப்புபவரே வாடிக்கையாளர் ஆகிறார்.

கட்டணத்துக்குப் பல பெயர்கள்

இந்தக் கட்டணம் ஒரே வடிவில் வருவதில்லை. படங்களைப் பார்ப்பதற்கே பரிசீலனைக் கட்டணம் கேட்கும் இதழ்கள் உள்ளன. விரைவாகப் பதில் வேண்டுமானால் கூடுதல் கட்டணம் கேட்பவை உள்ளன. தேர்வான பிறகு பக்கக் கணக்கில் வசூலிப்பவையும், அட்டைப்படத்துக்குத் தனி விலை வைப்பவையும் உண்டு.

இன்னொரு வகை எளிதில் கண்ணில் படாது. வெளியிடக் கட்டணம் இல்லை. ஆனால், தம் படம் வந்த இதழைப் பார்க்க அதை விலை கொடுத்தே வாங்க வேண்டும். ஒரு படப்பிடிப்பில் புகைப்படக் கலைஞர், மாடல், ஒப்பனைக் கலைஞர், சிகையலங்காரக் கலைஞர், ஆடை வடிவமைப்பாளர் எனப் பலர் பங்கேற்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு பிரதி வாங்கினால், ஒரு படத்தொகுப்புக்கே ஐந்து பிரதிகள் விற்றுவிடும். ஒரே மாதத்துக்குப் பல அட்டைகளுடன் பல பதிப்புகள் வெளியிடப்படுவதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது.

எல்லாக் கட்டணமும் மோசடியா?

இல்லை. கட்டணம் கேட்பது மட்டுமே சட்டவிரோதம் ஆகாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த கானுயிர் புகைப்படக் கலைஞர் போட்டி, வயதுவந்தோர் பிரிவில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டுமே உலக அளவில் மதிக்கப்படுகின்றன. இவற்றில் முடிவைத் தீர்மானிப்பது நடுவர் குழு. செலுத்திய பணம் அல்ல.

எனவே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பணம் கொடுக்காவிட்டாலும் அந்தப் படம் தேர்வாகுமா? ஆகாது என்றால், அங்கே நடப்பது தேர்வு அல்ல, இட விற்பனை. இடத்தை விற்பதும் ஒரு தொழில்தான். ஆனால் அதற்குப் பெயர் விளம்பரம். விளம்பரத்தையும் செய்திப் பகுதியையும் வாசகர் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள் கூறுகின்றன. விலைக்கு வாங்கிய பக்கத்தை ஆசிரியர் குழுவின் தேர்வு என்று காட்டும்போது, புகைப்படக் கலைஞரோடு வாசகரும் ஏமாற்றப்படுகிறார்.

படத்தின் உரிமை யாருக்கு?

பணத்தைவிடப் பெரிய இழப்பு, படிக்காமல் ஏற்கப்படும் நிபந்தனைகளில் இருக்கக்கூடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி படத்தை எடுத்தவரே அதன் ஆக்கியோன். விதிவிலக்குகள் சில உண்டு. ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆவது பிரிவு கூறுகிறது. இதழ் ஒன்றில் ஊழியராகப் பணியாற்றுவோர் அந்த இதழுக்காக எடுக்கும் படங்களுக்கும் தனி விதி உள்ளது.

கட்டணம் பெறும் இதழ்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே பணம் கொடுப்பவர் புகைப்படக் கலைஞர். எனவே, வெளியிட்டோம் என்ற ஒரே காரணத்தால் இதழுக்கு உரிமை போய்ச் சேராது. உரிமையை மாற்றித் தர எழுத்து வடிவிலான, கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. அந்த ஆவணத்தில் காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும்.

இதை நம்பி, இணையப் படிவத்தில் 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தை அலட்சியமாகச் சொடுக்கிவிடக் கூடாது. மின்னணு முறையில் செய்யப்படும் ஒப்பந்தங்களையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரிக்கிறது. நிரந்தர உரிமை, உலகெங்கும் பயன்படுத்தும் உரிமை, பிறருக்கு விற்கும் உரிமை ஆகிய சொற்கள் நிபந்தனைகளில் இருந்தால், பணமும் கொடுத்துப் படத்தின் மீதான பிடியையும் தளர்த்துவதாகவே பொருள்.

திருமணப் படங்கள் எடுப்போர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன 17-ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன குடும்பத்தாரிடமே அந்தப் படங்களின் உரிமை இருக்கக்கூடும். அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இதழுக்கு அனுப்புவது வழக்குக்கு இடம் தரலாம்.

பெயரின் மதிப்பு

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள், அவருடைய கணவரின் பெயரில் வெளிவந்தன. 2011-ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. தம் படத்தின் கீழ்த் தம் பெயர் இடம்பெறுவது ஒரு கலைஞருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவரது வரலாறு காட்டுகிறது. இளைஞர்கள் கட்டணம் செலுத்த முன்வருவதற்குப் பின்னாலும் இந்த விருப்பமே இருக்கிறது.

ஆனால், அந்தப் பெயரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. படைப்புக்கு உரிமை கோருவதையும், தம் நற்பெயருக்குக் கேடு தரும் வகையில் அதைச் சிதைப்பதைத் தடுப்பதையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு ஆக்கியோனுக்கு உறுதி செய்கிறது. பதிப்புரிமையை வேறொருவருக்கு மாற்றித் தந்த பிறகும் இந்த உரிமை நீடிக்கும்.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்யலாம்?

பணம் பெற்றுக்கொண்டு படத்தை வெளியிடாவிட்டாலோ, விற்பனை குறித்துப் பொய்யான தகவல் தந்திருந்தாலோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் புகார் அளிக்கலாம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுவோர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார்கள். எனினும், சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. 

புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழிப் பண மோசடி என்றால் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் இதழ்களிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் கடினம் என்பதால், முன்னெச்சரிக்கையே சிறந்த வழி.

பணம் செலுத்துமுன்

இந்தியாவில் அச்சாகும் பருவ இதழ்கள், 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். எனவே, அச்சிதழ் என்று சொல்பவர்களிடம் பதிவு எண்ணைக் கேட்கலாம். இதழ் எந்தக் கடையில் கிடைக்கிறது, சந்தாதாரர்கள் உள்ளனரா, ஆசிரியர் யார், அலுவலக முகவரி எது, நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, வெளிவரும் வரை அந்தப் படத்தை வேறெங்கும் பயன்படுத்தத் தடை உண்டா என்பனவும் கேட்கத்தக்கவையே. நேர்மையாக நடத்தப்படும் இதழ், இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்காது.

பணம் கொடுத்து வெளியிடுவதே வழக்கமாகிவிட்டால், பாதிப்பு பணம் கொடுத்தவரோடு நின்றுவிடாது. கொடுக்க இயலாதவரின் நல்ல படம் யார் கண்ணிலும் படாமல் போகும். வாய்ப்பு தருபவர் ஒரு கலைஞரின் தொகுப்பைப் பார்க்கும்போது, அதில் தெரிவது அவருடைய திறமையா, செலவிட முடிந்த தொகையா என்று அறிய வழி இருக்காது.